வலிக்கு ஃபியூஸ் பிடுங்கியவர்

ராத்திரி இரண்டு மணி. சாயங்காலம் தொப்புளைச் சுற்றி லேசாக ஆரம்பித்த வலி. மெஸ் சாம்பார் மேல பழியைப் போட்டுட்டு, ஒரு சோடாவைக் குடிச்சிட்டு நீங்க படுத்துட்டீங்க. இப்போ வலி இடம் மாறி வலது அடிவயிற்றில் வந்து உட்கார்ந்திருக்கு. நிமிர்ந்து நடக்க முடியல. ரூம்மேட் பைக்கில் வெச்சு ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறான். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் உயிர் போய் உயிர் வருது. (எமர்ஜென்சியில டாக்டர் ஸ்பீடு பிரேக்கர்ல வலிச்சுதான்னு கேட்டா காமெடின்னு நினைக்காதீங்க. குடல்வால் வீக்கத்துக்கு அது ஒரு நல்ல அடையாளம்னு இங்கிலாந்தில் ஆராய்ச்சியே செஞ்சிருக்காங்க.)

ஸ்கேன் எடுத்து அப்பெண்டிக்ஸ்தான்னு உறுதியாச்சு. ஆபரேஷனுக்கு இன்னும் சில மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இந்த வலியை என்ன செய்வது? வழக்கமா மாத்திரை, டிரிப், ரொம்ப முடியலைன்னா மார்பின் வகை மருந்து. ஆனா சில இடங்களில் இப்போ வேற ஒண்ணு செய்யறாங்க. வயிற்றின் பக்கவாட்டில் ஸ்கேன் கருவியை வைத்து, வயிற்றுச் சுவரின் மூன்று தசை அடுக்குகளையும் திரையில் பார்த்துக்கொண்டே, உள்பக்க இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு நீளமான ஊசியை நிறுத்தி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள். அந்த இடைவெளியில்தான் அடிவயிற்றின் வலிச் செய்தியை முதுகுத்தண்டுக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஓடுகின்றன. கொஞ்ச நேரத்தில் வலி இறங்கிவிடும். நீங்க முழு நினைவோட இருப்பீங்க, வீட்டுக்கு போன்கூட பண்ணலாம்.

இதுக்குப் பேரு நெர்வ் பிளாக். நம்ம ஊர்ல 'நரம்பு ஊசி'ன்னா ரத்தக்குழாயில் போடுறதைச் சொல்வோம். இது அது இல்லை. இது நிஜமாவே நரம்புக்குப் போடுற ஊசி. இதைத் தொடங்கி வைத்த ஆளின் கதையைத்தான் சொல்லப்போறேன். அவர் பேர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். அறுவை சிகிச்சை படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். நம்மை மாதிரி சர்க்யூட் படிக்கிறவங்களுக்கு அவ்வளவா தெரியாது.

1852 செப்டம்பர் 23, நியூயார்க். துணி இறக்குமதி செய்யும் பணக்காரக் குடும்பம். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார், படித்தார் என்பதைவிட விளையாடினார் என்று சொல்லலாம். கால்பந்து அணியின் கேப்டன். நாலு வருஷத்தில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம்கூட எடுத்ததாகப் பதிவு இல்லை என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். (அரியர் வெச்சிருக்கிறவங்க இதைக் காட்டி வீட்டில் தப்பிக்க முயற்சி பண்ண வேண்டாம்.) கடைசி வருஷம்தான் ஒரு உடற்கூற்றியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அதில் மாட்டிக்கொண்டார். 1877இல் டாக்டர் பட்டம். பிறகு இரண்டு வருஷம் வியன்னா, லைப்சிக் என்று ஐரோப்பா சுற்றி, அன்றைய பெரிய அறுவை மருத்துவர்களின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு 1880இல் ஊர் திரும்பினார்.

அந்த வயதில் ஹால்ஸ்டெட் எப்படிப்பட்டவர் என்று தெரிய இரண்டு சம்பவம் போதும். 1881இல் அவருடைய தங்கைக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஹால்ஸ்டெட் தன் கையிலிருந்தே ரத்தத்தை எடுத்து அவருக்கு ஏற்றினார். ரத்த வகைகள் என்று ஒன்று இருப்பதே அதற்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. பொருந்தாமல் போயிருந்தால் தங்கை அங்கேயே இறந்திருப்பார். பிழைத்தார். அடுத்த வருஷம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் அடைத்துச் சீழ் பிடித்தது. அகால வேளையில், வீட்டுச் சமையலறை மேஜையில் படுக்க வைத்து மகனே ஆபரேஷன் செய்து கற்களை எடுத்தார். அம்மாவும் பிழைத்தார். தைரியம்னு சொல்றதா, திமிர்னு சொல்றதா? எனக்கு இரண்டும்தான்னு தோணுது. பயம்னா என்னன்னு தெரியாத ஆள். அந்தப் பயமின்மையே இரண்டு வருஷம் கழித்து அவரைக் கவிழ்த்தது.

அன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். 1846இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து ஆளைத் தூங்க வைத்து ஆபரேஷன் செய்து காட்டியதிலிருந்து, வலியில்லாமல் வெட்ட வேண்டுமா, ஆளையே மயக்க வேண்டும் என்பதுதான் வழி. ஒரு ரூமில் ஃபேன் மாட்டுவதற்கு மொத்த பில்டிங்குக்கும் மெயினை ஆஃப் பண்ணுகிற மாதிரி. மெயின் ஆஃப் பண்ணினால் சில நேரம் திரும்ப வராது. மூச்சு நின்று போனவர்கள் உண்டு. சுண்டுவிரலில் சின்ன ஆபரேஷன் என்றாலும் இதே கதைதான்.

1884 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கொக்கைன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டுபிடித்திருந்தார். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கண் மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போக அவரிடம் காசு இல்லை. இன்னொருவர்தான் அவர் கட்டுரையைப் படித்தார். கோலரின் நண்பர் ஒருவர் அதே கொக்கைனை மனச்சோர்வுக்கு மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்ட். காதலியைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் இந்தக் கண்டுபிடிப்பு கைவிட்டுப் போயிருந்தது.

நியூயார்க்கில் ஹால்ஸ்டெட்டும், ரூஸ்வெல்ட் மருத்துவமனையில் அவரோடு வேலை செய்த ரிச்சர்ட் ஹாலும் இந்தச் செய்தியைப் படித்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் கண், மூக்கு, தொண்டை என்று மருந்து தடவிக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஒரு படி மேலே யோசித்தார்கள். வலிக்கிற இடத்தில் மருந்தைப் போடுவது ஒவ்வொரு பல்பாகக் கழற்றுவது மாதிரி. அதற்குப் பதில் அந்த இடத்துக்கு வரும் ஒயரையே வழியில் மறித்தால்? முழங்கையை சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பை முழங்கையிலேயே மரத்துப்போகச் செய்தால் சுண்டுவிரல் பக்கம் முழுக்க மரத்துவிடும். ஊசி போட்டது ஒரு இடம், பலன் வேறொரு இடம். ஈ.பி. லைன்மேன் போஸ்ட்டில் ஏறி ஒரே ஒரு தெருவுக்கு மட்டும் ஃபியூஸைப் பிடுங்குகிற மாதிரி.

யோசனை சரி. யார் மேல பரிசோதிப்பது? தங்கள் மேலேயே. ஹால்ஸ்டெட், ஹால், அவர்களிடம் படித்த மாணவர்கள், கூட்டாளி மருத்துவர்கள் என்று ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டார்கள். உடம்பில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்பது ஹால்ஸ்டெட்டுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி, ஏனென்றால் உடற்கூற்றியல் வகுப்பு எடுத்தவர் அவர். தாடை நரம்பில் ஊசி போட்டு வலியில்லாமல் பல் வேலை செய்ய முடிந்தது. 1884 டிசம்பரிலேயே ஹால் இதை ஒரு மருத்துவ இதழில் எழுதிவிட்டார். இன்றைக்குப் பல் டாக்டர் கீழ்த்தாடையில் ஊசி போட்டு, உங்க உதடு பாதி தொங்கிப்போய், தண்ணி குடிச்சா சட்டையில ஒழுகுதே, அது அந்தக் குளிர்காலத்தில் பிறந்ததுதான். கை முழுவதற்கும் போகும் நரம்புக் கற்றையைக் கழுத்தருகே திறந்து அதில் மருந்து செலுத்தியதும் ஹால்ஸ்டெட்தான். ஒரு வருஷத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளில் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள்.

கொக்கைன் ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. களைப்பு போகும், உற்சாகம் வரும், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட அன்று இரவு தூக்கம் வரவில்லை, மூளை சுறுசுறுப்பாக ஓடியது. நல்லதுதானே என்று அடுத்த நாளும் போட்டுக்கொண்டார்கள். சில மாதங்களில் பரிசோதனை எது, பழக்கம் எது என்ற கோடு அழிந்துவிட்டது. 1885 செப்டம்பரில் ஹால்ஸ்டெட் இந்த ஆராய்ச்சி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் முதல் வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று புரியாது. எதையும் கச்சிதமாகச் செய்யும் மனிதன் எழுதியது அது. மருத்துவ வரலாறு படிக்கிறவர்கள் அதை ஒரு நோயின் அறிகுறியாகவே இன்று படிக்கிறார்கள். அதே வருஷம், காலெலும்பு முறிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்காக அவரை அழைத்தபோது, பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் திரும்பி நடந்து வீட்டுக்குப் போய்விட்டதாகவும் சொல்லப்படுகிறது. கை நடுங்கியிருக்க வேண்டும்.

கூட இருந்தவர்கள் கதி? சிலர் இளம் வயதிலேயே செத்தார்கள். ஹால் நியூயார்க்கை விட்டே போய், நாட்டின் மறுகோடியில் கலிஃபோர்னியாவில் போய் உட்கார்ந்தார், 1897இல் இறந்தார். ஆனால் போவதற்கு முன், 1886இல், ரூஸ்வெல்ட் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்து ஓட்டை விழுந்த குடல்வாலை வெட்டியெடுத்து ஆளைப் பிழைக்க வைத்தார். அமெரிக்காவில் அப்படி நடந்த ஆரம்பகால வெற்றிகளில் அது ஒன்று. அதே வருஷம்தான் ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்ற பாஸ்டன் மருத்துவர் இந்த நோய்க்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயர் வைத்தார். மூன்று வருஷம் கழித்து அதே ரூஸ்வெல்ட் மருத்துவமனையின் சார்லஸ் மெக்பர்னி, வலது பக்கம் விரலால் எந்தப் புள்ளியில் அழுத்தினால் வலிக்கும் என்று எழுதினார். உங்க வயிற்றில் இன்றைக்கு டாக்டர் அழுத்திப் பார்ப்பது அந்த மெக்பர்னி புள்ளியைத்தான். குடல்வால் ஆபரேஷனும் அதன் வலியை அடக்கும் முறையும் கிட்டத்தட்ட ஒரே கட்டடத்திலிருந்து வந்திருக்கின்றன. அங்கே இருந்தவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

ஹால்ஸ்டெட்டைக் காப்பாற்றியது வில்லியம் வெல்ச் என்ற நண்பர். 1886 தொடக்கத்தில் ஒரு பாய்மரக் கப்பலை ஏற்பாடு செய்து, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கடல் நடுவே சரக்கு கிடைக்காது, பழக்கம் விட்டுவிடும் என்ற கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. கொண்டுபோனது தீர்ந்ததும் கப்பலின் மருந்துப் பெட்டியை உடைத்தார் என்று ஒரு கதை உண்டு. பிறகு பிராவிடன்ஸ் நகரின் பட்லர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தார். அங்கே கொக்கைனை விடுவிக்க அவருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? மார்பின். ஒரு பேயை ஓட்ட இன்னொரு பேயைக் கூப்பிட்ட கதை. வெளியே வந்தார், மறுபடி விழுந்தார், 1887இல் மறுபடி அதே மருத்துவமனை.

இதற்கு நடுவிலேயே பால்டிமோர். வெல்ச் அங்கே புதிதாக உருவாகிக்கொண்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியர். தன் ஆய்வகத்தில் ஒரு மூலையைக் கொடுத்து, வீட்டிலும் தங்க வைத்துக்கொண்டார். நாய்களின் குடலைத் தைத்துப் பார்த்து, குடலின் எந்த அடுக்கில் தையல் பிடித்தால் பிரியாது என்று ஹால்ஸ்டெட் கண்டுபிடித்தார். 1889இல் மருத்துவமனை திறந்தபோது, இரண்டு முறை போதை சிகிச்சைக்குப் போய்வந்த ஒருவரைத் தலைமை அறுவை மருத்துவராகப் போடலாமா என்று தயக்கம் இருந்தது; முதலில் தற்காலிகமாகத்தான் போட்டார்கள். அடுத்த வருஷம் உறுதியானது. இன்றைக்கு நம்ம காலேஜ் பிளேஸ்மென்ட் செல்லில் இப்படி ஒரு ரெஸ்யூம் வந்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

பால்டிமோருக்கு வந்த ஹால்ஸ்டெட் வேறு மனிதர். நியூயார்க்கில் வேகம், கூட்டம், ஆரவாரம். இங்கே கூச்சம், மௌனம், தனிமை. ஆபரேஷனையும் மெதுவாகச் செய்தார். ஒவ்வொரு ரத்தக்குழாயையும் பிடித்துக் கட்டி, தசையை நோகாமல் தொட்டு, மணிக்கணக்கில். பார்க்க வந்தவர்களுக்குக் கொட்டாவி வந்திருக்கும். ஆனால் காயங்கள் சீழ் பிடிக்காமல் ஆறின. இளம் மருத்துவர்களை வருஷக்கணக்கில் மருத்துவமனையிலேயே வைத்துப் படிப்படியாகப் பொறுப்பு கொடுத்துப் பழக்கும் ரெசிடென்சி முறையும் அவர் அங்கே உருவாக்கியதுதான். ரப்பர் கையுறைக் கதையும் அங்கேதான். கிருமிநாசினி பட்டு கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியரின் கைகள் புண்ணாயின. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி மெல்லிய கையுறை செய்து கொடுத்தார். 1890இல் அந்தச் செவிலியரையே கல்யாணம் செய்துகொண்டார். காதலுக்காகச் செய்த கையுறை, கிருமியைத் தடுக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. எல்லாமே சரியாகச் செய்தார் என்றும் சொல்லிவிட முடியாது. மார்பகப் புற்றுநோய்க்கு அவர் வகுத்த பெரிய அறுவை சிகிச்சை, நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுப்பது. அவ்வளவு வெட்டத் தேவையே இல்லை என்று பின்னால் தெரிவதற்குள் பல பத்தாண்டுகள் பெண்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

நரம்பு அடைப்பு என்ன ஆச்சு? ஹால்ஸ்டெட் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். 1890களின் கடைசியில் அவரிடம் பயிற்சியில் இருந்த ஹார்வி குஷிங், குடலிறக்க ஆபரேஷனுக்கு அடிவயிற்று நரம்புகளைக் கொக்கைனால் மரத்துப்போகச் செய்து வெட்டத் தொடங்கினார். அடுத்த அறையில் இருக்கும் தன் தலைவர் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே இதைச் செய்துவிட்டார் என்று குஷிங்குக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. ஒரு மனிதன் தன் பெரிய கண்டுபிடிப்பையே நினைக்க விரும்பாமல் போனால் அவர் உள்ளே என்ன நடந்திருக்கும்? அவர் எழுதி வைக்கவில்லை. நாம் ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

அதன் பிறகு இந்த முறை ஹால்ஸ்டெட் இல்லாமலே வளர்ந்தது. 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் புரோகைன் வந்தது. மரத்துப்போகும், ஆனால் அடிமையாக்காது. 1940களில் ஸ்வீடனில் லிடோகைன். இன்றைக்கு வயிற்றுச் சுவரில் போடுவது பெரும்பாலும் பல மணி நேரம் தாங்கும் பூபிவகைன், ரோபிவகைன். வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு இடையே போடும் முறையை ரஃபி என்ற மருத்துவர் 2001இல் எழுதினார். சில வருஷத்தில் அல்ட்ராசவுண்டும் சேர்ந்துகொண்டது. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, இது முழு வலியையும் எடுக்காது. சுவரின் நரம்பைத்தான் மறிக்கிறது; முதலில் தொப்புளைச் சுற்றி வந்ததே ஒரு மந்தமான வலி, அது குடலுக்கே உரிய வேறு பாதையில் போகிறது. வலது பக்கம் குத்துகிற கூர்மையான வலிதான் அடங்கும்.

இன்னொரு சிக்கல், வலியை அடக்கினால் நோயே மறைந்துவிடுமே என்ற பயம். சகரி கோப் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1921இல் எழுதிய வயிற்றுவலி நூல், நோயைக் கண்டுபிடிக்கும் முன்பு மார்பின் கொடுக்காதே என்று எச்சரித்தது. ஸ்கேன் இல்லாத காலம், விரல்தான் கருவி, அப்போது அது நியாயம். அந்த எச்சரிக்கை காலம் கடந்தும் நீடித்து, தலைமுறை தலைமுறையாக நோயாளிகள் வார்டில் துடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வலி மருந்து கொடுத்ததால் நோயைத் தவறவிடுவது கூடவில்லை என்று பிறகு ஆய்வுகள் காட்டின. இப்போது எமர்ஜென்சி மருத்துவர்கள் நரம்பு அடைப்பை விரும்புவதற்கு முக்கியமான காரணமே, மார்பின் வகை மருந்துகளைக் குறைக்கலாம் என்பதுதான். அமெரிக்காவில் அந்த மருந்துகள் எத்தனை குடும்பத்தை அழித்தன என்று செய்திகளில் படித்திருப்பீர்கள்.

1922 ஏப்ரலில் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் சங்கம், தாடை நரம்பை மரத்துப்போகச் செய்த முதல் ஆள் என்று ஹால்ஸ்டெட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 37 வருஷம் கழித்து வந்த அங்கீகாரம். மனுஷன் ரொம்ப சந்தோஷப்பட்டாராம். அந்த வருஷமே அவருக்குப் பித்தப்பைக் கல் தொல்லை திரும்ப வந்தது, அம்மாவுக்கு சமையலறை மேஜையில் எடுத்தாரே, அதே நோய். அவரிடம் பயிற்சி பெற்றவர்களே ஆபரேஷன் செய்தார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி இறந்தார். வயது 69. சில மாதங்களில் கரோலினும் போய்ச் சேர்ந்தார்.

பழக்கத்திலிருந்து முழுசாக மீண்டுவிட்டார் என்றுதான் உலகம் நம்பியது. ஆனால் அவரோடு ஹாப்கின்ஸில் வேலை செய்த வில்லியம் ஆஸ்லர் ஒரு சின்னக் குறிப்பேட்டில் வேறு விதமாக எழுதி, பூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். 1969இல்தான் அது வெளியே வந்தது. வேலை உறுதியான சில மாதங்களில் ஒரு நாள் ஹால்ஸ்டெட் குளிரில் வெடவெடவென்று நடுங்குவதை ஆஸ்லர் பார்த்திருக்கிறார். விசாரித்ததில் உண்மை தெரிந்தது. ஒரு நாளைக்கு மூன்று கிரெயினுக்குக் கீழே மார்பினைக் குறைக்க அவரால் முடியவில்லை. நம்ம கணக்கில் சுமார் 200 மில்லிகிராம். இன்றைக்கு எமர்ஜென்சியில் கடும் வலிக்கு ஒரு தடவை ரத்தக்குழாயில் போடுவது 5, மிஞ்சினால் 10. ஆஸ்லர் யாரிடமும் சொல்லவில்லை. 1898 வாக்கில் அது ஒன்றரை கிரெயினாக இறங்கியிருந்தது என்றும் எழுதியிருக்கிறார். ஹால்ஸ்டெட் மதியம் திடீரென்று கிளம்பி வீட்டுக்குப் போய்விடுவதையும், கோடைக்காலம் முழுக்கக் காணாமல் போய்விடுவதையும், பெரிய டாக்டரின் குணம் அப்படி என்று எடுத்துக்கொண்டு, அவரிடம் படித்தவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.